போட்டாச்சு என்று சொன்ன ஊசி

அந்த பெஞ்சு வேணாமுங்க, ஒரு கால் ஆடும். போன வாரம் ஒரு அம்மா கையில டீயோட சாஞ்சுட்டாங்க. இப்படிச் செவுத்தோரப் பெஞ்சுக்கு வாங்க. இங்க உக்காந்தா ரெண்டு கதவும் தெரியும். இடது பக்கம் பிரசவ வார்டு. வலது பக்கம் குறைமாசக் குழந்தைங்க வார்டு. நீங்க இடது பக்கத்து ஆளு. நான் இருவத்திநாலு நாளா வலது பக்கத்து ஆளு.

மகளுங்களா? பேரு என்னங்க? சௌடேஸ்வரி. நல்ல பேரு. எத்தனை மாசம்? ஏழு முடிஞ்சுதா, நடக்குதா? நடக்குதுங்களா... செரி. தண்ணிக்குடம் ஒடைஞ்சுதா? இல்லையா. வலி மட்டும்தானா. நல்லதுங்க. வலி அப்படியே நின்னு போயி ஊட்டுக்குத் திரும்பிப் போனவங்களும் இருக்கறாங்க. நானே ரெண்டு பேரைப் பாத்தேன்.

சட்டைப் பையில மஞ்சளா நீட்டிக்கிட்டு இருக்குதே, அது உங்க ஊரு ஆரம்ப சுகாதார நிலையத்துச் சீட்டுங்களா? இன்னும் உள்ள குடுக்கலியா? கேப்பாங்க. அங்கயே ஊசி கீசி ஏதாச்சும் போட்டாங்களா? நர்ஸம்மா என்னமோ எடுத்தாங்க, வண்டி நிக்குது, அங்க போயிப் போட்டுக்கறோம்னு கெளம்பி வந்துட்டீங்களா. செரி. செரிங்க. இருங்க, கூப்புடுவாங்க. கதவத் தெறந்துக்கிட்டு வந்து நல்லா சத்தமாத்தான் கூப்புடுவாங்க.

நானும் ஆஸ்பத்திரிக்காரன்தானுங்க. பேரு நாச்சிமுத்து. மாட்டாஸ்பத்திரி. சிரிக்காதீங்க. முப்பத்தொரு வருச சர்வீஸு. ரெக்கார்டுல கால்நடை பராமரிப்பு உதவியாளர்னு இருக்கும். ஆனா எங்க பக்கத்துல பதினேழு ஊருக்கும் நான் டாக்டரு. நெசமான டாக்டரு வாரத்துல ரெண்டு நாளு வருவாரு, கையெழுத்துப் போடுவாரு, போயிருவாரு. கன்னு தலை திரும்பிக் கெடக்குதுன்னா தோளு வரைக்கும் கைய உள்ள விடறது யாரு? நான்தான். கதவுகிட்ட நிக்கறானே வாட்ச்மேன், அவன்கிட்ட இதை ஒருநா சொல்லித் தொலைச்சுட்டேன். அன்னையில இருந்து, "வாங்க டாக்டரே, இன்னிக்கு எத்தனை லிட்டரு?"ங்கறான். சொல்லட்டும். பொழுது போகோணுமில்ல அவனுக்கும்.

உள்ள இருக்கறது எம் பொண்ணோட புள்ளைங்க. பொம்பளைப் புள்ளை. இருவத்தெட்டு வாரத்துல பொறந்துச்சு. தொள்ளாயிரத்தி இருவது கிராம். ஒரு கிலோ சக்கரைய வாங்கி, அதுல ஒரு கை அள்ளிட்டு மீதியத் தூக்கிப் பாருங்க, அவ்வளவுதான். நான் கண்ணாடி வழியாப் பாத்ததுதான். பெத்தவளே இன்னும் தூக்கல. இருவத்திநாலு நாளுங்க. பெத்தவ விரலை உள்ள விட்டா அது புடிச்சுக்குமாம். அவ்வளவுதான் அவளுக்குக் கெடைச்சுது.

மூச்சு மிஷினு. பொறந்ததுல இருந்து மிஷினுதான். வாயில குழாய விட்டு, மிஷினு ஊதும், நெஞ்சு ஏறும், எறங்கும். அது தானா இழுக்கறதில்ல. ரெண்டு தடவை குழாய எடுத்துப் பாத்தாங்க. மொதத் தடவை ரெண்டு மணி நேரம். அடுத்த தடவை அரை நாளு. அப்பறம் நீலம் பாஞ்சுது, மறுபடி குழாயச் சொருகிட்டாங்க. இன்னிக்குக் காலையில பத்து மணிக்கு மூணாவது தடவையா எடுத்திருக்கறாங்க. இப்ப மூக்குல மட்டும் காத்துக் குழாயாம். இப்ப மணி என்னங்க? மூணரையா. அஞ்சரை மணி நேரம். அதுதான் நான் அந்தக் கதவையே பாத்துக்கிட்டு உங்ககிட்டப் பேசறேன். தப்பா நெனைக்காதீங்க.

இந்தத் தடவை தாங்கோணுமுங்க. இல்லைன்னா இல்லைன்னு டாக்டரம்மா சொல்லிப்போட்டாங்க. பர்வீன் டாக்டரம்மா. நல்லவங்கதான். ஆனா அவங்க மேல எனக்கு ஒரு வருத்தம் இருக்குது. எல்லாரு மேலயும் இருக்குது. என்னைய யாரும் ஒரு வார்த்தை கேக்கறதில்ல இங்க. முப்பத்தொரு வருசம் ஊசி புடிச்ச கை. மருந்தப் பத்தி முடிவு எடுக்கறாங்க, எம் பொண்ணு கையெழுத்துப் போடறா, மாப்பிள்ளை கையெழுத்துப் போடறாரு, நான் இங்க பெஞ்சுல உக்காந்திருக்கறேன்.

மொதல்ல இருந்து சொல்றேன், அப்பத்தான் உங்களுக்குப் புரியும்.

எம் பொண்ணு கோகிலவாணி. கூட்டுறவுச் சங்கத்துல கிளார்க்கு. மாப்பிள்ளை யுவராஜ், திருப்பூர்ல கம்பெனியில இருக்கறாரு, வாரத்துக்கு ஒருக்கா வருவாரு. மாமியார் ஊடும் எங்க ஊடும் நாலு கிலோமீட்டருதான். ஏழாவது மாசம் ஆரம்பத்துல ஒரு வெள்ளிக்கெழமை, காலையில எட்டு மணிக்கு ஃபோனு. "அப்பா, தண்ணி போற மாதிரி இருக்குதுப்பா." ஆம்புலன்ஸச் சொன்னேன். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். மாப்பிள்ளை அங்கிருந்து வரோணும், சம்பந்தியம்மா கோயிலுக்குப் போயிருந்தாங்க. கூட நான் மட்டும்தான். "அப்பா இருக்கறாரு, பயமில்லை"ன்னு புருசன்கிட்ட ஃபோன்ல சொல்றா. ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டு. அப்பா இருக்கறாருன்னு.

அங்க நித்யகலான்னு ஒரு நர்ஸு. சின்னப் பொண்ணு. சோதிச்சுப் பாத்துட்டு, "ஐயா, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதறேன். ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு ஊசி போட்டுடறேன்"னு சொல்லி மருந்து பாட்டிலக் கையில எடுத்தா. எம் பழக்கம், எந்த பாட்டிலைப் பாத்தாலும் பேரைப் படிச்சுருவேன்.

"என்ன ஊசிம்மா அது?"

"டெக்ஸாங்கய்யா. குழந்தையோட நுரையீரலுக்கு."

"கீழ வை."

"ஐயா?"

"கீழ வைம்மா. வயித்துப் புள்ளைக்காரிக்கு டெக்ஸா போடச் சொல்லி உனக்கு யாரு படிச்சுக் குடுத்தாங்க?"

ஏன் அப்படிக் கத்துனேன்னு கேளுங்க. பன்னெண்டு வருசத்துக்கு முன்ன மாரக்கான்னு ஒரு பொம்பளை. புருசன் இல்ல, ஒரு ஜெர்சி மாடுதான் குடும்பம். எட்டரை மாசச் சினை. மடி வீங்கிக் கல்லாட்டம் இருந்துச்சு. டாக்டரு லீவு. நான் டெக்ஸா ஒண்ணு போட்டேன், வீக்கம் வத்தட்டும்னு. வத்துச்சு. மூணாம் நாளு மாடு கன்னுக்குட்டியத் தள்ளிருச்சு. அந்த மருந்துக்கு அந்தக் குணம் உண்டுங்க. சினை மாட்டுக்குப் போட்டா வலியக் கூப்புட்டுட்டு வந்துரும். எனக்குத் தெரியும், நான் யோசிக்கல. கன்னு வெளிய வந்து மூச்சுக்குத் திணறுது. பின்னங்காலப் புடிச்சுத் தலைகீழாத் தூக்குனேன். மூக்குல வைக்கோலை விட்டுக் குறுகுறுப்புக் காட்டுனேன். வாய வெச்சு ஊதுனேன். கால் மணி நேரம். கன்னு செத்துப்போச்சு. மாரக்கா என்னைய ஒண்ணும் சொல்லல. "நீங்க என்ன டாக்டரே பண்ணுவீங்க, எங் கிரகம்"னா. எம் மேல அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. டெக்ஸா போட்டதை நான் அவகிட்டச் சொல்லல. சொல்லி என்ன ஆகப்போகுது, சொல்லுங்க.

அன்னையில இருந்து டெக்ஸா பாட்டிலை எடுத்தா எங் கை ஒருக்கா நிக்கும். அப்படி இருக்கறப்ப எம் பொண்ணுக்குப் போடறேங்கறா ஒருத்தி.

அந்த நித்யகலாவும் லேசுல விடல. "எல்லாத்துக்கும் போடறதுதாங்கய்யா. நாலு ஊசி, பன்னெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணு. மொத ஊசி இங்க போட்டா மீதிய அங்க போடுவாங்க. எவ்வளவு சீக்கிரம் போடறோமோ அவ்வளவு நல்லதுங்கய்யா"ன்னா.

"எனக்கு முப்பத்தொரு வருச சர்வீஸு. உனக்கு எத்தனை?"

"ரெண்டுங்க."

"அப்ப கீழ வை."

டாக்டருக்கு ஃபோன் போட்டா. அவரு எங்கயோ முகாம்ல இருந்தாரு. போடச் சொல்லறாருன்னு ஃபோனை எங்கிட்ட நீட்டுனா. நான் வாங்கல. கடைசியா அவ, "அப்படின்னா வேணாம்னு நீங்க எழுதிக் குடுக்கோணுமுங்கய்யா"ன்னா. மஞ்சச் சீட்டுல அவளே எழுதுனா. டெக்ஸா ஆறு மில்லிகிராம், தந்தை மறுப்பு. நான் கையெழுத்துப் போட்டேன். நல்லா நீட்டமாப் போட்டேன். அவ கண்ணுல தண்ணி. "ஐயா, இது தொழுவம் இல்லீங்கய்யா"ன்னு சொன்னா பாருங்க. சின்னப் பொண்ணு, என்னையப் பாத்து. அதை இன்னும் நான் மறக்கல.

இங்க வந்து சேந்தப்ப மணி பதினொண்ணு. அன்னிக்குக் கூட்டம்னா கூட்டம். பயிற்சி டாக்டரு ஒரு தம்பி, கண்ணெல்லாம் செவந்து, நிக்க நேரமில்லாம ஓடறான். உள்ள எம் பொண்ணுகிட்டக் கேட்டிருக்கறான். "எங்க அப்பாவைக் கேளுங்க, அவருக்குத்தான் தெரியும்"னுருக்கறா. இந்தக் கதவத் தெறந்துக்கிட்டு வந்து கேட்டான். "ஸ்டீராய்டு ஊசி போட்டாச்சா?"

எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அதே டெக்ஸாதான், இல்லைன்னா இவன் போட்ருவான்னு. அங்கயாச்சும் ஒரு நர்ஸு. இங்க எத்தனை பேர்கிட்ட நான் சண்டை போடறது?

போட்டாச்சுன்னேன்.

"எத்தனை டோஸு?"

"நாலும் முடிஞ்சுது. பன்னெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணு. ரெண்டு நாளா அங்கதான் அட்மிஷன். நானும் டிபார்ட்மெண்ட் ஆளுதான் தம்பி."

அவன் மொகத்துல அப்படி ஒரு நிம்மதி. "சூப்பருங்க சார்"னான். சாருன்னான். எழுதிக்கிட்டான். சீட்டு எங்கன்னான், ஆம்புலன்ஸ்ல விட்டுட்டேன்னேன். அது எம் பையில இருந்துச்சு. இதோ, இன்னும் இருக்குது. மடிச்சு மடிச்சு நாலா ஒடையற மாதிரி ஆயிருச்சு. பெஞ்சு மேல விரிச்சு வெக்கறேன். பாருங்க. இதுதான் எங் கையெழுத்து.

நான் பண்ணுனது தப்புங்கறீங்களா? நான் கண்ணால பாத்ததை வெச்சுப் பண்ணுனேன். எம் பொண்ணைக் காப்பாத்தத்தான் பண்ணுனேன். வலி வரக்கூடாதுன்னு.

வலி வந்துச்சு. ஊசி போடாமயே வந்துச்சு. மறுநாள் சாயந்தரம் அஞ்சு மணிக்குப் பொறந்துச்சு. பதினொண்ணுல இருந்து அஞ்சு. முப்பது மணி நேரம். நான் எண்ணல. டாக்டரம்மாதான் ஒருநா வாய் தவறிச் சொன்னாங்க, முப்பது மணி நேரம் வயித்துல இருந்துச்சே, நல்லா நேரம் கெடைச்சுதேன்னு.

பொறந்த ஒடனே மூச்சுக்குழாய்ல ஒரு மருந்து விட்டாங்க. நுரையீரல் ஒட்டிக்காம விரியறதுக்கு. அதுல ஒரு வகை மாட்டு நுரையீரல்ல இருந்து எடுக்கறதுங்களாம். அப்ப எனக்குக் கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு. அப்பறம் ஒரு இருவது நாளு. குழந்தை கூடறதும் இல்ல, கொறையறதும் இல்ல. மிஷினோட வேகத்தக் கொறைக்க முடியல. எடுக்கறாங்க, சொருகறாங்க. நீங்க உள்ள பாக்கல. எனக்கு அந்த மாரக்கா மாட்டுக் கன்னு ஞாபகம்தான். அதே மாதிரி விலா எலும்பு உள்ள குழியுது.

பொறந்து இருவதாம் நாளு டாக்டரம்மா எம் பொண்ணையும் மாப்பிள்ளையையும் கூப்புட்டு உக்கார வெச்சாங்க. நான் கதவோரமா நின்னேன். "இனிமே மிஷின்லயே வெச்சிருந்தா அந்த அழுத்தமும் ஆக்சிஜனுமே நுரையீரலைக் கெடுத்துரும். தழும்பு விழுந்து, வருசக்கணக்கா மூச்சுச் சீக்கு ஆயிரும். ஒரு மருந்து இருக்குது. ரொம்பக் கம்மி டோஸுல ஒரு பத்து நாளு. நுரையீரல் வீக்கம் கொறஞ்சு, குழாய எடுத்துரலாம்னு நம்பறோம். ஆனா அந்த மருந்தை எல்லாக் குழந்தைக்கும் குடுக்கறதில்ல. மூளை வளர்ச்சியப் பாதிக்கலாம். பின்னால நடக்கறதுல, கை கால் அசைவுல கொறை வரலாம். மொத வாரத்துல கேட்டிருந்தா நானே குடுத்திருக்க மாட்டேன். இப்பக் குடுக்கறதை விடக் குடுக்காம இருக்கறது ஆபத்துன்னு எனக்குத் தோணுது. யோசிச்சுச் சொல்லுங்க"ன்னாங்க.

மாப்பிள்ளை மருந்துக்குப் பேரு என்னங்கன்னாரு.

"டெக்ஸாமெத்தசோன்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? அதே சனியன். நான் ஒரு கதவுல தொரத்துனா இன்னொரு கதவுல வந்து நிக்குது. "அது வேணாம்"னு கத்திட்டேன். எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. எம் பொண்ணு எந்திரிச்சு வந்தா. "அப்பா, சித்த நேரம் வெளிய இருங்கப்பா"ன்னா. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாங்க. என்னைய ஒரு வார்த்தை கேக்கலீங்க. அந்த வருத்தத்தைத்தான் உங்ககிட்டச் சொன்னேன்.

நான் விடல. சாயந்தரம் டாக்டரம்மா ரூமுக்குத் தனியாப் போனேன். மாட்டுக் கதை பூராவும் சொன்னேன். அவங்க சிரிக்கல. நாற்காலியக் காட்டி உக்காரச் சொன்னாங்க.

"நீங்க சொல்றது மாட்டுக்குச் சரிங்கய்யா. மாட்டுல கன்னு ஒடம்புல இந்த மருந்து மாதிரியே ஒரு சுரப்பு ஏறுனாத்தான் பிரசவ வலி தொடங்கும். அதனால மருந்து போட்டா வலி வருது. மனுசிக்கு அப்படி இல்ல. மனுசிக்குப் போட்டா அது வலியக் கூப்புடாது. நஞ்சுக்கொடி வழியாக் கொழந்தைக்குப் போயி நுரையீரலை வெளிய வரத் தயார் பண்ணும். அதுக்குத்தான் முன்னாடியே போடறது."

கேஸ் ஷீட்டை எடுத்துப் பொரட்டுனாங்க.

"உங்க பொண்ணுக்கும் நாலும் போட்டிருக்காங்களே, கேஸ் ஷீட்டுல இருக்குது. போட்டும் நுரையீரல் இவ்வளவு மோசமா இருக்கறதுதான் எங்களுக்கே ஆச்சரியம். சில கொழந்தைங்களுக்கு அப்படி ஆயிருது. போடாம இருந்திருந்தா இன்னும் என்ன ஆயிருக்குமோ."

நல்ல மனசோட சொன்னாங்க. எனக்கு ஆறுதல் சொல்றாங்களாம். மேசையில தண்ணி இருந்துச்சு, எடுத்துக் குடிச்சேன். மாட்டு நுரையீரலு மனுசப் புள்ளைக்கு ஆகுதாம், மாட்டுக் கணக்கு மட்டும் மனுசிக்கு ஆகாதாம். இதை யாருங்க கண்டாங்க? எங்க டிபார்ட்மெண்ட்ல இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தாங்க? அந்த நித்யகலா இந்த மாதிரி உக்கார வெச்சுச் சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன். ஏத்தி விடற அவசரத்துல எடுத்து நீட்டுனா? அவ மேலதான் தப்பு.

செரி, தப்பு யாரு மேலன்னு பேசி என்ன பிரயோஜனம். ஆனா பேசறாங்களே. எங்க சம்பந்தியம்மா இருக்கறாங்களே, அவங்களுக்கு வேற பேச்சே இல்ல. "வண்டி ஓட்டாதேன்னேன், கேட்டாளா? ஏழாவது மாசத்துல ஸ்கூட்டரு. கருவத் தாங்கற ஒடம்பா அது? டாக்டரே சொல்றாங்க, எல்லா ஊசியும் போட்டும் இப்படின்னு. அப்ப கோளாறு எங்க? வயித்துலதான்." இப்படி எம் பொண்ணு காதுபட. இந்த வராந்தாவுல. பெத்து மூணு வாரம்தான் ஆச்சு அப்ப. பாலைப் பீச்சிச் சின்னக் கிண்ணத்துல எடுத்துக்கிட்டு அவ நிக்கறா, இவங்க இப்படிப் பேசறாங்க.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "சம்பந்தியம்மா, எம் பொண்ணை ஒரு வார்த்தை சொன்னீங்க, நடக்கறது வேற"ன்னேன். எல்லாரும் வெலக்கி விட்டாங்க. ஒரு பாவமும் அறியாதவ மேல பழி போடறாங்களே, இவங்கெல்லாம் மனுசங்களா? நீங்களே சொல்லுங்க. உண்மை என்னன்னு தெரியாம ஒருத்தி மேல பழி போடலாமுங்களா?

என்ன அப்படிப் பாக்கறீங்க?

புரியுது. நான் ஒரு வார்த்தை சொன்னா அவ மேல இருக்கற பழி போயிரும், அதுதானே? எனக்கு அது தோணாமயா இருக்கும்? இந்தச் சீட்டைக் கிழிச்சுப் போடலாம்னு எத்தனை தடவை எடுத்திருக்கறேன், டாக்டரம்மாகிட்டக் குடுத்தரலாம்னு எத்தனை தடவை எடுத்திருக்கறேன். ரெண்டும் முடியல. யோசிச்சுப் பாருங்க. மாமியாரு ஏற்கெனவே அவ பக்கம் இல்ல. அப்பனும் இல்லைன்னு ஆயிருமே. அவளுக்காகத்தானுங்க நான் வாயத் தெறக்காம இருக்கறேன். எனக்காக இல்ல.

மருந்து ஆரம்பிச்சு இன்னிக்கு நாலாவது நாளு. ரெண்டாம் நாளே மிஷினு வேகத்தக் கொறைச்சாங்க. மூணாம் நாளு இன்னும் கொறைச்சாங்க. இன்னிக்குக் காலையில குழாய எடுத்துட்டாங்க. அதே டெக்ஸா. பெரியவங்களுக்குப் போடற ஒரு ஊசியில ஒரு துளிதான் இதுக்கு ஒரு நாளைக்கு. நித்யகலா அன்னிக்கு எம் பொண்ணுக்குப் போட்டிருந்தா இது வேண்டியிருந்திருக்காதோ என்னமோ. மூளைக்கு ஆபத்துங்கற இந்தப் பயமும் இருந்திருக்காது. இனி அது நடக்கற வரைக்கும், பேசற வரைக்கும், நான் ஒவ்வொரு நாளும் அது காலைப் பாத்துக்கிட்டே இருக்கோணும். எனக்கு அம்பத்தெட்டு வயசு. பாத்துக்கிட்டே இருப்பேன்.

இருங்க, இருங்க. கதவு தெறக்குது. எம் பொண்ணுதான்.

என்ன சாமி? ... தாங்குதா? ... நீலம் கீலம் இல்லையே? ... டாக்டரம்மா என்ன சொன்னாங்க? ... நாளைக்குக் காலைல வரைக்கும் தாங்கிருச்சுன்னா நெஞ்சோட வெச்சுக்கலாம்னாங்களா! வெச்சுக்க சாமி, வெச்சுக்க. துணிய நல்லாத் தொவைச்சுப் போட்டுக்க. ... அழாத. எதுக்கு இப்ப அழறே? ... அட, அதெல்லாம் இல்ல கண்ணு. வண்டியில போனதுக்கெல்லாம் இப்படி ஆகாது. உன் ஒடம்புல ஒரு கொறையும் இல்ல. நான் சொல்றேனில்ல? ... எப்படித் தெரியும்னா? தெரியும். அப்பாவுக்குத் தெரியும். ... இவரா, இவரு புதுசா வந்திருக்கறாரு, பொண்ணு உள்ள இருக்குது. ... போ, பால் எடுக்கற நேரம் ஆயிருச்சு. முகத்தைக் கழுவிட்டுப் போ.

பாத்தீங்களா. எளைச்சுப் போயிட்டா. தாங்குதாம். அஞ்சே முக்கால் மணி நேரம் ஆகப்போகுது. அவ எங்கிட்டக் கேட்டா பாத்தீங்களா, எப்படித் தெரியும்னு. தெனமும் கேக்கறா. தெனமும் இப்படித்தான் சொல்றேன்.

ம்? கூப்புடறாங்களா? ஆமா, அந்தக் கதவு. சௌடேஸ்வரி கூட வந்தவங்க யாருங்கறாங்க. உங்களைத்தானுங்க, எந்திரிங்க. ஒண்ணும் இருக்காது, பயப்படாதீங்க. கேக்கறதுக்குத்தான் கூப்புடறாங்க. ஊசி போட்டாச்சான்னு கேக்கறாங்க, காதுல விழுந்துச்சா?

ஏனுங்க எம் மூஞ்சியப் பாக்கறீங்க? என்னையப் பாக்காதீங்க. நான் மாட்டு ஆஸ்பத்திரி ஆளுங்க. நான் டாக்டரு இல்ல. அந்தம்மா மூஞ்சியப் பாத்து உள்ளதைச் சொல்லுங்க. போடலைன்னா போடலைன்னு சொல்லுங்க.

சிஸ்டர்! போடலீங்க! அவரு பொண்ணுக்கு ஒரு ஊசியும் போடல! அங்க போட எடுத்தாங்களாம், இவருதான் அவசரத்துல வந்துட்டாரு! சீக்கிரம் போடுங்க சிஸ்டர்! ... நானா? நான் யாரும் இல்லீங்க, வலது பக்கத்து ஆளு.

போங்க, நிக்காதீங்க. கையெழுத்துக் கேட்டாப் போட்டுருங்க. செருப்பு கெடக்கட்டும், நான் பாத்துக்கறேன். சீட்டைக் குடுத்துருங்க அவங்ககிட்ட.

அட, அது இல்லீங்க. உங்களுது பையில இருக்குது. பெஞ்சுல இருந்து எடுத்தீங்களே, அது என்னுது.

குடுங்க இப்படி.